பூ வராத காலை

என் அக்காவிடம் வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லமாட்டாள். ‘என் கண்ணுல படல’ என்பாள். மழை வருமா என்று கேட்டால் ‘எனக்குத் தகவல் வரல’ என்பாள். வானிலை ஆபீஸே இவளைக் கேட்டுத்தான் மழை விடுகிறது போல! அத்தான் பொறுமைசாலி. அவரே ஒருநாள் சாவியைத் தேடி ஓய்ந்துபோய், “இருக்கா, இல்லையா, ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்” என்று கத்திவிட்டார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. காரணம் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அதனால் கிண்டலை விட்டுவிட்டேன். எரிச்சலை விடவில்லை.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மருந்துப் பிரிவின் அலுவலக அறையில் வேலை பார்க்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ஃபிரிட்ஜ். குழந்தைகள் வார்டில் எந்தப் பிள்ளைக்கு டிரிப்ஸில் என்ன மருந்து, எவ்வளவு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். எல்லாம் அளவு தப்பினால் ஆளையே கொண்டுபோய்விடும் மருந்துகள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் ஏதாவது மாற்றினால் அது அக்காவுக்கு மெயிலில் வரும். காலையில் வார்டு நர்ஸ் போன் செய்து, மாற்றம் உண்டா என்று கேட்பார். இருந்தால் அக்கா படித்துச் சொல்வாள். ஒன்றும் வரவில்லை என்றால், முன்பெல்லாம், ‘இல்லை’ என்பாள்.

மெயிலில் தவறாமல் வருவது இன்னொன்றும் உண்டு. நிர்வாக மேலாளர் காலை வணக்கம் சொல்லி எல்லா ஊழியர்களுக்கும் ஒரு பூப்படம் அனுப்புவார். ரோஜா, தாமரை, பேர் தெரியாத ஏதோ ஒரு மஞ்சள் பூ. எங்கள் வீட்டில் அவருக்குப் பேரே ‘பூக்கடை’தான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் அதை அழிப்பாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் கணினியை அணைப்பதில்லை, மூடியைச் சாத்திவிட்டு வந்துவிடுவாள். அணைத்தால், மறுநாள் அது எழுந்து பல் தேய்த்து முகம் கழுவி வருவதற்குள் பாதிக் காலை போய்விடும் என்பாள். ‘தூங்கட்டும், ஒண்ணும் ஆகாது’ என்று கம்ப்யூட்டர் மெக்கானிக்கும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கும் மூடியைத் திறந்தாள். நேற்று விட்ட இடத்திலேயே மெயில் பளிச்சென்று நின்றது. திரையின் கீழே, நெட் ‘இணைப்பில் உள்ளது’ என்று எழுதியிருந்தது. புதிதாக எதுவும் இல்லை. போன் அடித்தது.

“மாத்தம் இருக்கா அக்கா?”

“இல்ல சிஸ்டர்.”

போனை வைத்த பிறகுதான் பூவும் வரவில்லை என்று கவனித்தாள். ஆள் லீவு போல, பீடை விட்டது என்று சந்தோஷமாக டீ வாங்கப் போனாள். நடையில் எதிரே பூக்கடை வந்துகொண்டிருந்தார்.

“என்னம்மா, இன்னைக்குப் பூ பாத்தீங்களா? எங்க மாடியில பூத்தது. நானே எடுத்த போட்டோ.”

“எப்ப சார் அனுப்பினீங்க?”

“வீட்டுலேருந்தே அனுப்பிட்டேனே. எல்லாரும் பிரமாதம்னு எழுதிட்டாங்க. நீங்கதான் வாயே திறக்கல.”

அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பூ வரவில்லை என்றால் வேறு என்னவெல்லாம் வராமல் கிடக்கிறது? அவர் செடிக்கு என்ன உரம் போட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரும்பி ஓட்டமும் நடையுமாக அறைக்கு வந்தாள்.

முதலில் வார்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் படுக்கைப் பக்கம் நிற்கும் நேரம் அது. மெயிலில் ‘அனுப்பு, பெறு’ பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.  மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, மெயில் வரல. இணைப்பு இருக்குன்னு காட்டுது, ஆனா வரல.”

“மூடி வெச்சுட்டுப் போனீங்களா?”

“ஆமாண்ணே, சீக்கிரம் சொல்லுங்க.”

“தூங்கி எந்திரிச்சா சில சமயம் அப்படித்தாம்மா. அது நேத்து பிடிச்ச பிடியையே பிடிச்சுக்கிட்டு இருக்கும். அந்தப் பக்கம் அறுந்துபோனது அதுக்குத் தெரியாது. மெயிலை முழுசா மூடுங்க. நெட் ஒயரைப் பிடுங்கிட்டு, கொஞ்சம் விட்டு மாட்டுங்க. அப்புறம் திறங்க.”

மேசைக்கடியில் தவழ்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினாள், மாட்டினாள். மெயிலைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. தப்பாக அடித்தாள், மறுபடி அடித்தாள். கடைசியில் வர ஆரம்பித்தது. முதலில் வந்தது செம்பருத்தி. பெரிய படம், இதழ் இதழாக, ஆற அமர இறங்கியது. அந்தப் பூவைச் சபித்த மாதிரி அவள் வாழ்க்கையில் எந்த மனுஷரையும் சபித்ததில்லையாம். அதற்குப் பின்னால் டாக்டரின் மெயில் வந்தது: ‘ஏழாம் படுக்கை. சிறுநீரகம் சரியில்லை. இன்று மருந்து ஏற்ற வேண்டாம்.’

லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றிருந்தது. படியில் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றுகொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். “அது பையனா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாதுடி” என்றாள் என்னிடம். “நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன்னு மட்டும்தான் மனசுல ஓடிச்சு.”

ஏழாம் படுக்கையருகே கம்பியில் மருந்துப் பை தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் பக்கத்திலேயே நின்றார்.

“ஏத்தாதீங்க சிஸ்டர்!”

நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். “நீங்கதான இல்லன்னு சொன்னீங்க?”

“எனக்கு வரல சிஸ்டர். வராததை நான் இல்லன்னு சொல்லிட்டேன்.”

 நர்ஸ் சட்டென்று பையைக் கழற்றினார். குழாயின் முனை அப்போதுதான் அக்காவின் கண்ணில் பட்டது. அது எதிலும் மாட்டப்படாமல் சும்மா தொங்கியது. ஒரு சொட்டுகூட இறங்கியிருக்கவில்லை.

கட்டிலில் ஒரு பையன் சுருண்டு படுத்திருந்தான். ராத்திரியெல்லாம் வலியில் அழுதுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். ஊசி செருகிய கை அவன் கன்னத்துக்கு அடியில் இருந்தது. அதை இழுத்தால் விழித்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா எழுந்து கையைக் கூப்பினாள். மூச்சிரைக்க வந்து நிற்கும் அலுவலகக்காரியைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாளோ.

“மேடம், சிஸ்டரைத் திட்டாதீங்க. தப்பு என்மேலதான். பிள்ளை கொஞ்சம் தூங்கட்டும்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன். மருந்தை லேட் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்க.”

 அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா பதறிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.

“அழாதீங்க மேடம்” என்றாள் மெல்ல. “அவன் எந்திரிச்சிடுவான்.”