அட்டைக்கு அடியில் இருந்த வரி

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘வேர்’ என்றாலே திரும்பிப் பார்ப்பார். வீடு, வண்டிக் காப்பீட்டுக் கடிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது இருபத்திரண்டு வருட வேலை. புதிதாக ஒரு சொல் எதிர்ப்பட்டால், அது பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம் விசாரித்து முடிக்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார். கீழே உள்ள வரிகளை ஓர் அட்டையால் மூடிவைத்துக்கொள்வார்.

மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார். "யோவ் வேரு, கடிதம் கேட்ட ஆளு செத்துப் பொழைச்சே வந்துடுவான்யா!"

அக்கா அவரோடுதான் இருந்தாள். சலவை நிலையத்தில் ஈரத்துணி மூட்டைகளைத் தூக்கிப் போடும் வேலை. ஆங்கிலம் வாசிக்க வராது. தலையைப் படம் எடுத்த இடத்திலிருந்து வந்த ஒற்றைத் தாளைத் தம்பியின் மேசையில் வைத்து, "நேரம் கெடைக்கறப்ப பாருடா" என்றாள்.

முதல் வரியிலேயே ‘அன்யூரிசம்’ என்ற சொல் வழிமறித்தது. அர்த்தத்தை ஒரு நொடியில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கேட்டால், வேர்தான் முதலில், அதுதான் முறை என்பார். பயம் என்று சொல்ல வாய் வராது.

நரம்பைக் குறிக்கும் ‘நியூரான்’தான் வேராக இருக்கும் என்று நான்கு நாள் அதையே சுற்றிவந்தார். ஒட்டவில்லை. ஒன்பதாம் நாள், இருவருக்கும் விடுமுறை; மத்தியானம், வீட்டில் தடித்த பழைய அகராதி ஒன்று கைகொடுத்தது. ‘யூரிஸ்’ என்றால் கிரேக்கத்தில் அகலம்.

"என்னடா, என் தாளு இன்னும் அட்டைக்கு அடியிலதான் கெடக்கா?"

"வேர் கெடைச்சிடுச்சுக்கா. கிரேக்கச் சொல்லு. அகலமாகறதுன்னு அர்த்தம்."

"நானா? துரும்பா எளைச்சுட்டேன்னு ஊரே சொல்லுது, இவன் ஒருத்தன்."

"நீ இல்லக்கா. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய்."

"குழாய் அகலமானா நல்லதுதானே? ரத்தம் தாராளமா ஓடும்."

அவருக்கும் அப்படி நினைக்க ஆசையாக இருந்தது. ஆனால் எதையும் இழுத்து விரித்தால் சுவர் மெலிந்துபோகும் என்று உள்ளே ஏதோ சொன்னது. அட்டையை நகர்த்தினார். அடுத்த வரியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வாசித்துவிடும். பாரம் தூக்கக் கூடாது. தலைவலி வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

"அக்கா, தலை வலிக்குதா?"

"முந்தாநேத்துலேர்ந்து. பின்மண்டையில, யாரோ கட்டையால போட்ட மாதிரி. மூட்டை கொஞ்சம் கூடுதலா தூக்கிட்டேன், அதான்." எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"உக்காரு!"

தம்பி அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். அவர் ஃபோனை எடுத்துத் தாளின் அடியில் இருந்த எண்ணைத் தப்பும் தவறுமாக இரண்டு முறை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் குரல், நோய் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டது.

அந்தச் சொல்லின் பூர்வீகம் முழுவதும் அவருக்கு அத்துப்படி. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்றது குரல். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். நான்காவது எழுத்தில் அக்கா பிடரியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டேய்," என்றாள், "வெளிச்சத்தை ஏன்டா அணைச்சே?"

ஜன்னல் வழியாக மத்தியான வெயில் மேசை முழுவதும் கிடந்தது.