உள்ளங்கையில் கேட்ட மழலை

சாவுச் செய்தி என் உள்ளங்கைக்குத்தான் வந்தது. படகுத்துறையிலிருந்து ஓடி வந்த மகள், என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, இக்கா மௌத்தாயிட்டாரு."

கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாணமோ திருவிழாவோ, மைக் செட் கட்டிய சுலைமான் இக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சத்தம் உங்கள் காதைத் துளைத்திருக்கும். எனக்குக் காது கேட்காது. மகள் பிறந்த வாரம் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோனது. அவள் பேச ஆரம்பித்தபோது, அந்த வாயசைவைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாலை, இக்கா ஸ்பீக்கர் ஒன்றை மரப்பெட்டிக்குள் பொருத்தி எடுத்துக்கொண்டு வந்தார். "காது போனாப் போகட்டே தங்கச்சி, தோலு இருக்கில்ல?" அவர் சொன்னதைக் கணவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பெட்டியை மடியில் வைத்து, கையை அதன்மேல் வைத்தேன். பழக்கதோஷம், கல்யாண வீட்டு அளவுக்குச் சத்தத்தைத் திருகிவிட்டார். மைக்கில் "ஹலோ" என்றதும் பெட்டி துள்ளி விழுந்தது, சாயா கிளாஸ் கவிழ்ந்தது. தெருவே எட்டிப் பார்த்ததாம். வெகுநாள் கழித்து அன்றுதான் சிரித்தேன்.

பிறகு குறைத்துவைத்துப் பேசினார். மழை பெய்யும்போது காயலில் கை வைத்தாற்போல் இருந்தது. சொற்கள் விரல்களுக்கிடையே வந்து வந்து போயின. பல மாதப் பழக்கத்தில், உதட்டையும் பார்த்துக்கொண்டால் பாதிக்குமேல் புரிந்தது.

மகள் பேசியபோது மட்டும் ஒன்றும் வரவில்லை. அந்த மெல்லிய கீச்சுக்குரல், சத்தத்தை எவ்வளவு திருகினாலும், தோலுக்கு எட்டவில்லை. நான் உடைந்து அழுதேன். இக்கா அவளிடமிருந்து மைக்கை வாங்கி, அவள் சொன்னதை அப்படியே சொன்னார். "அம்மா, பூனை குட்டி போட்டுச்சு." "அம்மா, எனக்குப் பல்லு விழுந்துச்சு." மைக் செட் வேலை இல்லாத மாலைகளிலெல்லாம் வந்தார். அவள் உளறியதைக்கூடத் திருத்தாமல் உளறினார். நான் சங்கடப்பட்டால், "மோள் வளரட்டே, தொண்டை கனக்கும். அதுவரைக்கும் என் தொண்டைய வச்சுக்கட்டும்" என்பார்.

அவர் சொன்னபடியே மகளின் தொண்டை கனத்துவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்லி அவள் அழுத அழுகை முழுவதும், யாரும் எடுத்துச் சொல்லாமலே, என் கைக்கு வந்து சேர்ந்தது.

எல்லாத் தாய்மாரும் மகளின் மழலையை மனத்தில் வைத்திருப்பார்கள். நானும் வைத்திருக்கிறேன், பீடி குடித்துக் கரகரத்த ஓர் ஆண்குரலில்.