புஷ்பா பார்க்காத தட்டு

ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். அதற்குள் இருக்கும் படங்களை எப்படியாவது எடுத்துத் தரவேண்டும் என்று மகளின் நச்சரிப்பு. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ரிப்பேர் கடை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருக்கும் ஒரு தம்பி மூடியைக் கழற்றி, மின்விசிறியை எடுத்துவிட்டு, பிராசசர் மேல் காய்ந்திருந்த சாம்பல்நிறப் பசையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். அந்த வாசனை வந்ததும் நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

"போர்டு போயிருச்சுக்கா. மாத்தணும்னா இதுக்கு எது சேரும்னு தெரியல. நம்பர் அழிஞ்ச மாதிரி இருக்கு."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். இந்த எழுத்துகள் நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்தால் எழுந்து வரும். முதலில் இருப்பது எந்த வகை, அடுத்தது வேகம், அதற்கடுத்தது உள்ளே எவ்வளவு நினைவகம், கடைசியில் எத்தனை வோல்ட் என்று மடமடவென்று சொன்னேன். தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எப்படிக்கா?"

"ஒரு காலத்துல இதான் தம்பி எனக்குச் சோறு."

அந்தப் பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வரி இருந்தது. அதில் முதல் எழுத்து தொழிற்சாலையைச் சொல்லும். அடுத்த இலக்கம் ஆண்டு, அதற்கடுத்த இரண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம், மிச்சம் எந்தத் தொகுதி என்று. முதல் எழுத்து நான் வேலை பார்த்த தொழிற்சாலையுடையது. சுங்கை வே. அந்த வாரம் நான் அங்கே இருந்தேன். புஷ்பா இல்லை. அது எனக்கு விரல் விட்டு எண்ணாமலே தெரியும்.

புஷ்பாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் கிள்ளானிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருவாள். இறங்கியதும் முதல் கேள்வி, "அடியே, பசியாறிட்டியா?" உள்ளே போனால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும்தான் வெளியே. எல்லாரும் ஒரே அச்சு. புஷ்பாவை மட்டும் நான் நடையை வைத்துக் கண்டுபிடிப்பேன், இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பாள். தட்டுத் தட்டாகப் பிராசசர் வரும். ஒவ்வொன்றிலும் பொறித்த எண்ணை லென்ஸில் பார்த்து, தொகுதி அட்டையில் உள்ளதோடு சரிபார்த்து, அட்டையில் அவரவர் முத்திரையைக் குத்தவேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை.

அந்த வேலை மாதங்களை மறக்கடித்துவிட்டது. தீபாவளிகூட எங்களுக்கு நாற்பத்து நான்காவது வாரம், நாற்பத்தாறாவது வாரம் என்றுதான் வரும். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம், "இருபத்தி மூணாவது வாரம் கல்யாணத்த வச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். புஷ்பாவுக்கு இருபத்தேழு வந்தால் கண் மலரும். "எம்புள்ள பொறந்த வாரம் லா இது," என்பாள். கணவர் லோரி ஓட்டி ஊர் ஊராகப் போய்விடுவார். இரண்டு வயது மகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

ஒரு காலை ஷிப்டில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். சொல்லாமல் இருக்கையை விட்டு எழுந்து போகக் கூடாது என்பது விதி. புஷ்பா என் பக்கம் குனிந்தாள்.

"இந்தத் தட்ட மட்டும் பாத்துரு லா. அஞ்சு நிமிசம். போன் பண்ணிட்டு ஓடியாந்துர்றேன்."

பார்த்தேன், முதல் வரிசையை மட்டும். எல்லாம் ஒரே வேகம், ஒரே எண். மற்ற வரிசைகளும் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். நிஜத்தைச் சொல்கிறேன், என் நினைப்பெல்லாம் முந்தின நாள் கடையில் பார்த்த ஒரு ஆரஞ்சுச் சேலையில் இருந்தது. மேசைமேல் அவள் வைத்துவிட்டுப் போன முத்திரையை எடுத்து அட்டையில் குத்தினேன். புஷ்பா திரும்பி வந்தபோது கண்ணாலேயே சிரித்தாள். "காய்ச்ச எறங்கிருச்சாம்."

சில வாரம் கழித்து வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. ஒரு பெட்டியில் வேகமான பிராசசர் சில்லுகளுக்கு நடுவே வேகம் குறைந்தவை கலந்திருக்கின்றன. கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சில்லில் இருந்த எண்ணை வைத்து வாரத்தைப் பிடித்தார்கள், வாரத்தை வைத்துத் தொகுதி, தொகுதியை வைத்து அட்டை. அட்டையில் புஷ்பாவின் முத்திரை. இந்த எண் உலகத்தில் எங்கே போனாலும் திரும்பி நம் மேசைக்கு வந்துவிடும் என்றுதானே சேர்ந்த அன்று எங்களுக்குச் சொன்னார்கள்.

முத்திரை யாருடையது என்று தெரிந்தும் சூப்பர்வைசர் அட்டையோடு வந்து நின்று மலாயில் கேட்டார். "சியாப்பா செக் இனி?" யார் இதைப் பார்த்தது?

புஷ்பா எழுந்தாள். "சாயா." நான்தான்.

நான் பக்கத்து இருக்கையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் தலை நிமிராமல் துடைத்தேன்.

அன்று மதியமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

"ஏன் சொல்லல புஷ்பா?"

"சொன்னா ஒன் வேலையும் போகும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் எப்படியாவது பதில் சொல்லித் தீர்த்திருப்பேன்.

"நாளைக்குச் சொல்லிடுறேன்."

"சரி லா," என்று சொல்லிவிட்டுக் கிள்ளான் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் சூப்பர்வைசர் லீவு. அதற்கடுத்த நாள் வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அடுத்த வாரம் புஷ்பாவின் இருக்கையை எனக்குக் கொடுத்தார்கள். போய் உட்கார்ந்தேன். மாதங்கள் கழித்து ஒரு டின் பிஸ்கட்டோடு கிள்ளானில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். கதவில் பூட்டு. எங்கோ மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று அண்டை வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. பூட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கிள்ளானில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் கணவரின் சொந்தம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு பெண்ணின் அம்மா வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் அவர் நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது. இடது பக்கம் லேசாகச் சாய்ந்த நடை.

"புஷ்பா, நான்தான். சுங்கை வே."

என்னை நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். "வாங்க. மாப்பிள்ள வீட்டு ஆளுங்களா? சாப்பிடாம போயிடக்கூடாது."

"பெக்டரில ஒண்ணா இருந்தோமே. அந்தத் தட்டு, நான்தான்…"

"இல்லைங்களே. நான் பெக்டரில வேலையே செஞ்சதில்ல."

சிரித்த முகத்தோடு கிண்ணத்தை நீட்டினாள். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். சந்தனத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போனேன். மேடையில், அன்று காய்ச்சலில் கிடந்த குழந்தை, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்போது நிமிர்ந்தேன். தூரத்திலிருந்து புஷ்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்ததும் வேறு யாரையோ உபசரிக்கத் திரும்பிவிட்டாள்.

ரிப்பேர் கடைக்குப் போய்வந்த மறுநாள் காரை எடுத்துக்கொண்டு சுங்கை வே போனேன். கம்பெனி என்றோ மூடிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்பது தெரியும். அந்தப் பக்கம் போகாமலே இருந்தேன். இப்போது அங்கே உயரமான அடுக்குமாடிகள். கேண்டீன் இல்லை, பஸ் நின்ற கொட்டகை இல்லை, வேலிக்கு வெளியே நாசி லெமாக் சோறு விற்ற அக்கா உட்காரும் மரமும் இல்லை. சாலையையே வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். வாசல் தடுப்பில் காரை நிறுத்தியதும் காவலாளி வந்து குனிந்தார்.

"சாரி சியாப்பா, காக்?" யாரைத் தேடுறீங்க அக்கா?

யாரையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அவள் முழுப்பெயரைச் சொல்லிவிட்டது. புஷ்பவல்லி.

பாவம், அவர் கைப்பேசியில் குடியிருப்பவர்களின் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை பொறுமையாகத் தேடினார். எனக்காக இன்னொரு தடவையும் தேடினார். பிறகு தலையை ஆட்டினார். அந்தப் பெயரில் இங்கே யாரும் இருந்ததில்லை என்றார்.