ஆத்மநாதன் உடைத்த பாறை

குழாயிலிருந்து சேறு வந்து விழுந்ததும் ஆத்மநாதன் அதில் ஒரு கை அள்ளித் தரையில் குவிப்பார். அடுத்த மண் நிறம் மாறி வந்தால் பக்கத்தில் இன்னொரு குவியல். வேலை முடிவதற்குள் போர் போடும் வீட்டு வாசலில் எல்லாம் வரிசையாக நிற்கும்: மேலே கிடக்கும் வெள்ளை மணல், அதற்கடுத்த சாம்பல் மணல், அழுகல் வாடையடிக்கும் கறுப்புக் களிமண், கடைசியாகச் சிப்பியும் சங்கும் ஒட்டிக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைத் துண்டுகள். பாறைத் துண்டுகளை மட்டும் கழுவித்தான் வைப்பார்.

கோட்டைப்பட்டினத்தைச் சுற்றி, மெஷின் இல்லாமல் கையாலேயே குழாய் இறக்கிக் கைபோர் போடுகிறவர். ஐம்பது தாண்டிய உடம்பு. குழாய் தூக்கித் தூக்கி இடது தோள் சரிந்துவிட்டது. குழாய் கறுப்புக் களியைத் தொடாமல் சாப்பிட மாட்டார். அதுவரை டீயோடு சரி. பாறைத் துண்டில் வெள்ளையும் பழுப்புமாக ஓடும் கோடுகளை நகத்தால் காட்டி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார்: "கடலு இங்கிட்டு வந்து ஒக்காந்து ஒக்காந்து எந்திரிச்சுப் போயிருக்குங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு பாயை விட்டுட்டுப் போயிருக்கு. பாய்க்கு மேல நம்ம மழைத்தண்ணி. கீழ பழைய உப்பு. அங்க கைய வைக்கப்படாது."

இதைச் சொல்லி முடித்ததும் இப்போதெல்லாம் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார்.

சில வருடங்களுக்கு முன், தெற்குத் தெருவின் கடைசியில் அரவிந்த்குமார் என்பவர் ஐஸ் கம்பெனி கட்டினார். மணலில் ஊறிய தண்ணீர் அவருக்குப் போதவில்லை. பாறையை உடைக்கச் சொன்னார். ஆத்மநாதன் மறுத்தார்.

"ஒங்களால ஆவாதுன்னா சொல்லிருங்க. அறந்தாங்கியிலேர்ந்து மெஷின் லாரி வரட்டும்," என்றார் அரவிந்த்குமார், வேடிக்கை பார்த்து நின்ற தெரு முழுக்கக் கேட்கும்படி. கூடக் குழாய் பிடிக்கும் வேலையாளே சிரித்துவிட்டான். ஆத்மநாதனுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

மறுநாள் பாறை உடைந்தது. தண்ணீர் குழாய்க்கு மேல் பொங்கி வழிந்தது. கைதட்டினார்கள். அரவிந்த்குமார் அவர் தோளில் துண்டு போட்டார். ஆத்மநாதன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. அப்போதே வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே அடைத்திருக்கலாம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்.

கீழே அடங்கிக் கிடந்த உப்புநீர் அந்தத் துளை வழியே ஏறி மேல் மணலில் பரவியது. முதலில் ஐஸ் கம்பெனியே மூடிப்போயிற்று. அரவிந்த்குமார் திருச்சிக்குப் போய்விட்டார். பிறகு தெருக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரிக்கத் தொடங்கின. ஒருவரும் ஆத்மநாதனைக் குறை சொல்லவில்லை. "மழை இல்லைங்க, அதான் கடலு உள்ள வந்துருச்சு," என்று அவரிடமே வந்து வருத்தப்பட்டார்கள். "ஆமாங்க, மழை இல்ல," என்று அவரும் சொன்னார். அதன்பின் தெற்குத் தெருவைத் தவிர்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டுதான் போனார். கடைவீதியில் அந்தத் தெருப் பெண்கள் யாராவது "தண்ணிக்காரண்ணே" என்று கூப்பிட்டால், காதில் விழாதவர்போல வண்டியை முறுக்குவார்.

போன பங்குனியில் அதே தெருவிலிருந்து பிளெஸ்ஸி வீடு தேடி வந்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். "கெணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதுண்ணே. முருங்கையும் பட்டுப்போச்சு. புதுசா ஒரு போர் போட்டுத் தாங்க."

தட்ட முடியாமல் போனார். மணல், களி எல்லாம் கடந்து குழாய் பாறையில் மோதி நின்றது. அதுவரை வந்த தண்ணீரும் உப்பு.

"பாறையையும் ஒடச்சிருங்கண்ணே. ஐஸ் கம்பெனில நீங்கதான ஒடச்சீங்க? தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சுன்னு எங்க அத்தை இன்னும் சொல்வாங்க."

ஆத்மநாதன் குழாயை விட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"கடலு தானா வரலைம்மா. நாந்தான் ஓட்டை போட்டுக் கூட்டியாந்தேன். அன்னிக்கே நாக்குல தெரிஞ்சுச்சு. சொல்லலை."

"மழை இல்லைன்னு நீங்களுந்தானண்ணே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார் பிளெஸ்ஸி. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் ஆத்மநாதன் களியும் சிமெண்டும் குழைத்து, கதவுகூட இல்லாமல் கிடந்த ஐஸ் கம்பெனிக்குள் போய், அந்தத் துளையை அடியிலிருந்து நிரப்பத் தொடங்கினார். தெரு மறுபடி கூடிவிட்டது. எதற்கு அடைக்கிறார் என்பதை அவரே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் காறித் துப்பிவிட்டு நடந்தார்.

"உப்பு போயிருமா?" என்றார் பிளெஸ்ஸி.

"ஏறுறது நிக்கும்மா. ஏறுனது எறங்க எத்தனை மழை வேணுமோ, எனக்குத் தெரியலை."

வேலை முடிந்தபோது முழங்கை வரை சிமெண்ட் காய்ந்து, விரல்கள் வெடித்து எரிந்தன. பிளெஸ்ஸி காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து நீட்டினார். "கையைக் கழுவிக்கங்கண்ணே."

ஆத்மநாதன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு பிளெஸ்ஸி வீட்டுக் கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி உப்புத் தண்ணீரை இறைத்து, வெடித்த விரல்களில் மெதுவாக ஊற்றிக்கொண்டார்.