தீர்த்தம் பட்ட சர்வர்

பேய் பார்த்தேன் என்று சொல்லும் ஆட்களை நான் மதிப்பதில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். சுடுகாட்டுப் பக்கம் வண்டி நின்றுபோனதாம், பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தார்களாம். பெட்ரோல் போட மறந்தவருக்கு ஒரு பேய் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். நான் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையின் பண்டகசாலையில் வேலை பார்ப்பவன். பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பேன்.

வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர் வைத்தேன். சர்வர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். மில்லில் கழித்துப்போட்ட பழைய கணினியை வாங்கி முன்னறை மேசையில் வைத்து, இணையத்தோடு இணைத்து இரவும் பகலும் ஓடவிட்டேன். எங்கள் பகுதிக்கு என்றைக்குக் குடிதண்ணீர் வந்தது, என்றைக்கு மழை பெய்தது என்று நான் குறித்து வைப்பதை அதில் வெளியிட்டேன். இதற்கெல்லாம் இலவசமாக இடம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு என்று பலர் எனக்குப் பாடம் நடத்தினார்கள். தங்கள் வீட்டு அரிசியை அடுத்த வீட்டுப் பானையில் கொட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அவர்கள். என் பக்கங்கள் என் பெட்டியில் மட்டும்தான் இருந்தன. பெட்டியை அணைத்தால் அவை உலகத்தில் எங்குமே இல்லை. இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

"அந்தப் பொட்டியில அந்தோணிக்கு ஒரு பக்கம் போடுங்களேன்" என்றாள் என் மனைவி ரெஜினா.

அந்தோணி அவளுடைய தம்பி, ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். எங்கள் மகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குக் குடித்துவிட்டு வந்து பந்தி நடுவே விழுந்து கிடந்தான். நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். சரியாகத்தான் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். அதன் பிறகு அவன் போன் எண்ணை மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் போனது.

"அம்மா செத்ததே அவனுக்குத் தெரியுமோ என்னமோ. பொறந்த வீடுன்னு எனக்கு மிச்சம் இருக்கது அவன் ஒருத்தன்தான்."

"தெரிஞ்சிருந்தா மட்டும் நேரா நின்னு சவப்பெட்டி தூக்கிருப்பானாக்கும்."

"நீங்க பக்கத்தப் போடுங்க. வாரதும் வராததும் அவன் பாடு."

போட்டேன். அவனுடைய புகைப்படம், அம்மா இறந்துவிட்டார் அக்காவிடம் பேசவும் என்று ஒரு வரி, ரெஜினாவின் எண். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் முருகேசன், முன்பு அந்தோணிக்கு லோடு கொடுத்தவர், அந்த இணைப்பைக் கேரளா போகிற டிரைவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினார். ஒரு பதிலும் இல்லை. குடிகாரன் இணையத்தில் வந்து அம்மாவைத் தேடமாட்டான் என்று சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்து பங்குச் சாமியார் வழக்கம்போல வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்தார். சித்திரை வெயிலுக்குக் கணினி சூடாகிறது என்று அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தேன்.

"சாமி, அந்தப் பொட்டியிலயும் செத்த தெளிச்சு விடுங்க. என் தம்பி அதுலதான் கெடக்கான்" என்றாள் ரெஜினா.

நான் வாயைத் திறப்பதற்குள் உப்பு போட்டு மந்திரித்த தீர்த்தம் திறந்த பெட்டிக்குள் விழுந்தது. புது ஸ்கூட்டர்களை மந்திரித்துப் பழகிய கை, தாராளமாகவே தெளித்தது. பட்டென்று ஒரு சத்தம், தொடர்ந்து தீய்ந்த நாற்றம்.

"கரண்டு போயிருச்சா சார்?" என்றார் சாமியார்.

"இல்ல சாமி. இதுக்கு நல்ல மரணம் கெடச்சிருச்சு."

உள்ளே மின்சுற்றுப் பலகை கருகியிருந்தது. பக்கங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். இணைய வயரையும் பிடுங்கிவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு காலை ரெஜினாவின் போன் அடித்தது. அவள் பூசைக்குப் போயிருந்தாள், நான் எடுத்தேன். மண்டி முருகேசன்.

"அம்மிணீங்களா?"

"அவங்க இல்லை. வீட்டுக்காரர் பேசுறேன்."

சந்தை இரைச்சலிலிருந்து விலகி வந்து மறுபடி கேட்டார்.

"ஏனுங்க, யாருங்க பேசுறது?"

"அவங்க புருசன்தாங்க."

போனை வைத்துவிட்டார். தக்காளி ஏலம் விடுகிறவர்களுக்கு இவ்வளவுதான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் வாசலில் யாரோ நிற்பது தெரிந்து கதவைத் திறந்தேன். அந்தோணி. சவரம் செய்த முகம், சாராய வாடை இல்லை. கையில் ரோஜா மாலை, கக்கத்தில் ஜவுளிக்கடைப் பை. என்னைப் பார்த்ததும் மாலையைக் கீழே விட்டான்.

"மச்சான்?"

"எவன் செத்தான்னு மாலையோட வந்துருக்க?"

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நீங்கதான் மச்சான்."

ரெஜினா ஓடிவந்து பையைப் பிரித்தாள். கோடிச் சேலை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன்தான் கோடி கொண்டுவர வேண்டும்; என்ன பகை இருந்தாலும் அதற்கு வராத தம்பி எங்கள் பக்கத்தில் கிடையாது. அம்மா இறந்ததுகூடத் தெரியாதவன் எனக்காக வந்து நின்றான்.

"நேத்து சாயங்காலம் பாலக்காட்டுல டீக்கடையில ஒரு டிரைவர் போன்ல காட்டுனான். உங்க போட்டோ, மெழுகுவர்த்தி, தோற்றம் மறைவுன்னு தேதி. கீழ 'கோடி கொண்டு வரவும், அக்கா'ன்னு எழுதியிருந்துச்சு."

"ஏலே அப்பு, என்னத்தடா பாத்த? பொட்டிதான் எரிஞ்சு போய்க் கெடக்கே" என்றாள் ரெஜினா.

நான் பீரோவைத் திறந்து பிஸ்கட் டப்பாவைக் காட்டினேன். அவன் போனில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. அவன் வாசலைத் தாண்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாடா" என்றாள் ரெஜினா. "உயிரோட இருக்க வரைக்கும்னுதான சொன்னாரு. அவருதான் செத்துட்டாருல்ல."

உள்ளே வந்தான். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் சுவரில் முகத்தை வைத்து அழுதான். அவள் சோறு போட்டாள்.

கல்லூரியில் கணினி கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். தேடுபொறிகள் பழைய நகலைச் சேமித்து வைக்கும், அதைப் பார்த்திருப்பான் என்று ஏளனமாகச் சிரித்தார். எப்போதோ இருந்ததற்குத்தானே நகல் இருக்கும், இல்லாததற்கு எப்படி நகல் என்று கேட்டேன். காபி ஆறுகிறது என்றார். படித்தவர்களின் விளக்கம் அந்த அளவில்தான் நின்றது. டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டிப் பார்த்தேன். நான் எழுதிய பக்கம் எழுதியபடியே இருந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. எதைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் போன் செய்தீர்கள் என்று முருகேசனைக் கேட்டால், "அத விடுங்க, நல்லாயிருக்கீங்கல்லங்க" என்கிறார், அதற்குமேல் பேசுவதில்லை.

மறைவு என்று என்ன தேதி போட்டிருந்தது என்று அந்தோணியிடம் ஒருமுறை கேட்டேன். கவனிக்கவில்லை என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

ஆனால் அந்த வருடத்திலிருந்து ஆடி மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அவன் எங்கே லோடு இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அன்றைக்குத் திருநாளும் இல்லை, யாருடைய நினைவு நாளும் இல்லை. காலையில் வந்து என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருகிறான். ரெஜினா அன்று என் வண்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டு, தேடுவதுபோல் நடிக்கிறாள். சாயங்காலம் கிளம்பிப் போகிறான். அந்தத் தேதியை நான் நாட்குறிப்பில் குறிக்கவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. அந்த இணையப் பக்கத்தில் மறைவுக்கு வருடம் போட்டிருந்ததா என்றும் கேட்கவில்லை. இந்த மாதிரிக் கூத்துக்கு நான் மரியாதை கொடுப்பதாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

போன வருடம் கிளம்பும்போது அவன் அக்காவிடம் மெதுவாகப் பேசியது எனக்குக் கேட்டது.

"அந்தச் சேலை பூச்சி அரிக்காம இருக்காக்கா?"

"இருக்கு அப்பு. அந்துருண்டை மாத்திப் போட்டுருக்கேன்."