இந்த வருஷம் பூவில் நிறமில்லை

அந்த வருடம் பூக்கள்தான் வெளுத்துவிட்டன என்று முதலில் நினைத்தேன்.

சூரியநெல்லிப் பக்கம் மாசி பிறந்தால் ஜகரண்டா ஊதாவாகவும் முள்முருங்கை சிவப்பாகவும் பூக்கும். பார்க்க வருகிறவர்களை ஜீப்பில் அழைத்துப்போய் மரங்களின் பெயர் சொல்வது என் வேலை. தாவரவியல் படித்தேன்; எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அதில் தாங்காத பெருமை.

அப்போது காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வந்தவர்களிடம், "இந்த வருஷம் மழை கம்மி, அதான் முள்முருங்கையில நெறமே இல்ல" என்றேன்.

"தம்பி, இதுக்கு மேல செவப்பு வேணும்னா பெயிண்டுதான் அடிக்கணும்" என்றார் ஒருவர். ஜீப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

மாலையில் தங்கை ஜெபாவை அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போய், என்ன கலர் என்று கேட்டேன்.

"வெளையாடுறியாண்ணே? செக்கச்செவேல்னு இருக்கு."

எனக்கு அது பழைய காவித்துணி மாதிரி தெரிந்தது. ஜகரண்டா வெறும் சாம்பல். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "கண்ணப் பத்தி டாக்டர் அன்னைக்கே சொன்னாங்கல்ல?"

மாத்திரை தொடங்கியபோதே, மாதாமாதம் கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில், நான்தான் போகாமலே இருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை டாக்டரம்மா காட்டினார். முதல் அட்டையைத் தவிர எதிலும் எனக்கு எண் தெரியவில்லை.

"எப்போலேர்ந்து இப்படி?"

"பூ பூத்ததுலேர்ந்து, டாக்டர்."

"பூ எப்போ பூத்ததுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றவர் சிரிக்கவில்லை. எத்தாம்பூட்டாலை (காசநோய் மாத்திரைகளில் ஒன்று, சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும்) நிறுத்தி, மற்ற மருந்துகளை மாற்றி எழுதினார். "நெறம் திரும்பலாம். முழுசா வரும்னு சொல்ல முடியாது."

இதே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு: நிறம் மங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

வீட்டாருக்கும் பரிசோதனை என்று ஆஷா சேச்சி (சுகாதாரப் பணியாளர்) சளி டப்பாக்களோடு லயத்துக்கு வந்தார். வரிசை முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. அம்மா டப்பாவை மறைக்காமல் கையில் பிடித்து, நிமிர்ந்தே நடந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவுக்கும் ஜெபாவுக்கும் நோய் இல்லை என்று வந்தது. அதைக் கேட்டபோதும் எனக்குத் தலை நிமிரவில்லை.

ஓணத்துக்குள் சிவப்பு பாதி திரும்பியது. பிறகு காசநோயும் குணமானது. ஊதா மட்டும் இன்னும் தூசி படிந்தாற்போலத்தான் தெரிகிறது.

இந்த மாசியிலும் ஜீப்பில் போகிறேன். இலையையும் பட்டையையும் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன். "என்ன கலர்னு நீங்கதான் சொல்லணும்" என்பேன். காது சூடாகும். வந்தவர்கள் விளையாட்டு என்று எண்ணி, கத்தரிப்பூ, வயலெட், நீலம் என்று ஆளுக்கொன்று கத்துவார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜகரண்டாவை அண்ணாந்து பார்ப்பேன். கொஞ்ச நேரம் மரம் அந்த நிறத்தில் இருக்கும்.