லீலா அக்காவின் பின்னறை

சிங்கப்பூர் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லீலா அக்காவைத் தெரியாதவர் கிடையாது. தனியாள். வெள்ளிதோறும் என்னோடு கோயிலுக்கு வருவார். லிட்டில் இந்தியாவில் பூக்கடை வேலைக்கு நான் போய்விட்டால், என் மகள் தாரணியை அவர்தான் பார்த்துக்கொள்வார். அவளுக்கு அவர் பெரியம்மா. பத்து வருடம் அம்மனிடம் அழுது பெற்ற பிள்ளை. அவளை மூன்று வருடம் அவரை நம்பி விட்டிருந்தேன்.

தாரணிக்கு கைகால் மடிப்பிலெல்லாம் கரப்பான். சொறிந்து சொறிந்து தலையணை உறையில் ரத்தம் படியும். பிறகு மூச்சு இழுப்பும் சேர்ந்துகொண்டது.

"முட்டைதான் காரணம். அதை நிறுத்து, எல்லாம் அடங்கிடும் லா" என்றார் அக்கா.

நிறுத்தினேன். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் எல்லாரும் கேக் சாப்பிட, என் பிள்ளை மட்டும் வேடிக்கை பார்க்கும்.

போன மார்ச்சில் இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். பரிசோதனைத் தாளைப் பார்த்து டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார்.

"அலர்ஜி உள்ள பிள்ளைங்களுக்கு ரத்தத்துல ஐ.ஜி.இ.ன்னு ஒண்ணு ஏறும். இவளுக்கு ரொம்ப ஏறியிருக்கு. ஈசினோபில்னு ஒரு வகை வெள்ளை அணுவும் கூடியிருக்கு. எதனாலன்னு தனித்தனியா பார்த்தோம். முட்டைக்கு ஒண்ணுமே காட்டல. பூனைக்குத்தான் அதிகம். வீட்டுல பூனை இருக்கா?"

"இல்லையே டாக்டர்."

மடியில் இருந்த தாரணி மெதுவாகச் சொன்னாள். "பெரியம்மா வீட்டுல மூணு இருக்கு. பின்னாடி ரூம்ல. வெளிய சொன்னா ஆபீசர் பிடிச்சிட்டுப் போயிடுவாராம்."

வீவக என்ற அரசு அடுக்குமாடி வீட்டில் பூனை கூடாது என்றிருந்த காலத்திலேயே பலர் ஒளித்து வளர்த்தார்கள். இப்போது உரிமம் வாங்கி இரண்டு வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு மூன்றாவதை விட மனமில்லை. அதனால் மூன்றையுமே மறைத்துவிட்டார்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா புள்ளைய அனுப்பியிருப்பியா?"

"முட்டைன்னு சொன்னீங்களே, தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"சத்தியமா அப்ப தெரியாது. பூனையா இருக்குமோன்னு பின்னாலதான் தோணுச்சு. அதான் தினம் குளிப்பாட்டி, துணி மாத்தி அனுப்பினேன்ல?"

குளிப்பாட்டி, பவுடர் போட்டு அனுப்புகிறாரே என்று பூக்கடையில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்! பூனை முடி ஒட்டியிருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் அத்தனையும். அங்கே வைத்திருந்த மூச்சு மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் கெஞ்சி, தாரணி பள்ளியில் இருக்கும் காலை வேலைக்கு மாறினேன். மருந்தையும் களிம்பையும் ஒழுங்காகக் கொடுக்கிறேன். தாரணி இப்போது நன்றாகத் தூங்குகிறாள். ஆனால் ஒருநாள் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கேட்டாள்:

"பெரியம்மா எங்கூட பேச மாட்டேங்கிறாங்கம்மா. நான் காட்டிக் கொடுத்துட்டேன்னா?"

"நீ உண்மையத்தானே சொன்ன, கண்ணு."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பிராமிஸ் பண்ணியிருந்தேன்மா" என்று அழத் தொடங்கினாள்.